சிலுவையைப் போதித்தவரும் சுமந்தவர்களும்: அலெயூத் மக்களிடையே வெனியாமினோவ் எழுதிய இரு நூல்கள்

1840 ஆம் ஆண்டில் ரஷ்ய நாட்டில் ஓர் ஆசிரியரின் இரு நூல்கள் அச்சேறின. ஒன்று, "உனலாஸ்கா வட்டாரத் தீவுகளைப் பற்றிய குறிப்புகள்" என்னும் மூன்று பாகங்கள் கொண்ட பெருநூல். மற்றொன்று, "பரலோக ராஜ்யத்திற்குச் செல்லும் வழி" என்னும் சிறு நூல். பெருநூல் ரஷ்ய மொழியில், அலெயூத் மக்களைக் கற்றோருலகிற்கு அறிமுகப்படுத்துவதற்காக எழுதப்பட்டது. சிறு நூல் 1833 ஆம் ஆண்டிலேயே அலெயூத் மொழியில், அம்மக்களுக்குக் கிறிஸ்துவை அறிவிப்பதற்காக எழுதப்பட்டது. இரண்டையும் எழுதியவர் இவான் வெனியாமினோவ் என்னும் ரஷ்யக் குருவானவர். பிற்காலத்தில் இன்னோக்கெந்தி என்னும் துறவுப் பெயருடன் ஆயராகவும், இறுதியில் மாஸ்கோவின் பேராயராகவும் விளங்கியவர் இவரே.

அருட்பணி வரலாற்றைப் பயிலும் நம் மாணவர் இவரது பெயரை அதிகம் கேட்டிருக்க வாய்ப்பில்லை. கிழக்கத்திய வைதீகத் திருச்சபையின் அருட்பணியைப் பற்றி நாம் படிப்பது குறைவு. வடபசிபிக்கின் சிறு தீவுகளில் வாழும் ஒரு சிறு மக்களினத்தைப் பற்றி அறிந்திருப்பது அதனினும் குறைவு. எனினும் இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது எழும் கேள்வி நமக்கு அந்நியமானதன்று. ஒடுக்கப்படும் மக்களுக்குச் சிலுவையைக் குறித்து ஒரு போதகர் எப்படிப் பேசவேண்டும்? எதைச் சொல்லாமல் விட்டால் அவர் சொன்னதும் பழுதாகிறது? இக்கட்டுரையில் இக்கேள்வியை முன்வைத்தே நாம் அந்நூல்களை மதிப்பிட முயல்வோம்.

1. மக்களும் அவர்கள் பட்ட பாடும்

அலெயூத் என்பது ரஷ்யர் வழங்கிய பெயர். அம்மக்கள் தங்களைக் கிழக்குத் தீவுகளில் உனங்கன் என்றும், மேற்கே அத்கா பகுதியில் உனங்காஸ் என்றும் அழைத்துக்கொள்கின்றனர். அலாஸ்காத் தீபகற்பத்தின் முனையிலிருந்து ஆசியாவை நோக்கி வில்லாக வளைந்து செல்லும் தீவுத்தொடரே இவர்களுடைய தாயகம். மரம் வளராத, ஓயாத காற்றும் மூடுபனியும் சூழ்ந்த இத்தீவுகளில் பல ஆயிரம் ஆண்டுகளாக இவர்கள் கடலை நம்பி வாழ்ந்தனர். பாதி நிலத்தினுள் அமைத்து, மேலே புல்லும் மண்ணும் மூடி, கூரைத் துளையின் வழியே ஏணியால் இறங்கும் வீடுகளில் குடியிருந்தனர். கடல்விலங்கின் தோல் போர்த்த இலேசான படகுகளில் நெடுந்தூரம் சென்று வேட்டையாடினர். விலங்கின் குடலைத் தைத்து நீர் புகாத மேலாடை செய்தனர். வளைத்த மரத்தில் செய்து வண்ணந்தீட்டிய வேட்டைத் தொப்பியும், காட்டுப்புல்லைக் கீறிப் பட்டுநூல் போல நெய்த கூடையும் இவர்களது கைவண்ணத்திற்குச் சான்றுகள்.

1741 ஆம் ஆண்டில் விட்டஸ் பேரிங்கின் கப்பல் இக்கடற்பகுதியை அடைந்தது. பேரிங் அந்த ஆண்டே ஆளில்லாத் தீவொன்றில் இறந்தார். மறு ஆண்டு உயிர்தப்பி மீண்ட மாலுமிகள் கடல் நீர்நாயின் தோல்களைக் கொண்டுவந்தனர். அத்தோலுக்குச் சீனச் சந்தையில் கிடைத்த விலையே இம்மக்களின் தலைவிதியை மாற்றியது. வணிகர் ஆண்டுதோறும் கப்பலேறி வந்தனர். பெண்களையும் பிள்ளைகளையும் பிணையாகப் பிடித்துவைத்து ஆண்களை வேட்டைக்கு அனுப்பினர். 1763-64 ஆம் ஆண்டுகளின் பனிக்காலத்தில் நரித்தீவுகள் எனப்படும் கிழக்குத் தீவுகளின் மக்கள் எதிர்த்தெழுந்து நான்கு கப்பல்களை அழித்தனர். பதிலடியாக இவான் சொலோவியோவ் என்னும் கப்பல் தலைவன் ஊர் ஊராக நிகழ்த்திய படுகொலை அம்மக்களின் நினைவில் நெடுங்காலம் நின்றது. ரஷ்யர் வருமுன் பன்னிரண்டாயிரம் முதல் பதினையாயிரம் வரை இருந்திருக்கலாம் என்று மதிப்பிடப்படும் மக்கள்தொகை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டாயிரமாகச் சுருங்கியது. வாளும் துப்பாக்கியும் செய்ததை நோயும் பட்டினியும் முடித்துவைத்தன.

1799 ஆம் ஆண்டில் ரஷ்ய அமெரிக்கக் கம்பெனிக்கு அரச சாசனம் கிடைத்தது. தனிவணிகரின் கொள்ளை ஓய்ந்தது. ஒழுங்குபடுத்தப்பட்ட கட்டாய வேலை அதன் இடத்தில் அமர்ந்தது. 1821 ஆம் ஆண்டின் சாசனப்படி 18 வயது முதல் 50 வயது வரையிலான ஆண்களில் பாதிப்பேர் வரை கம்பெனியின் வேட்டைக்கு எடுத்துக்கொள்ளப்படலாம். பிரிபிலோப் தீவுகளில் மென்மயிர்க் கடல்நாய்களைக் கொன்று தோலுரிப்பதற்காக அலெயூத் குடும்பங்கள் அங்கே கொண்டுபோய்க் குடியேற்றப்பட்டன. வெனியாமினோவ் உனலாஸ்காவில் வந்திறங்கிய 1824 ஆம் ஆண்டில் நிலைமை இதுவே. அவருடைய சம்பளத்திற்கும் பிரயாணத்திற்கும் வழி செய்ததும் இதே கம்பெனிதான் என்பதை மனத்திலிருத்தி மேலே செல்வோம்.

2. "குறிப்புகள்": கண்டதும் காணாததும்

பெருநூலின் முதற்பாகம் தீவுகளின் நில அமைப்பு, தட்பவெப்பம், விலங்கு, தாவரம் ஆகியவற்றைக் கூறுகிறது. இரண்டாம் பாகம் அலெயூத் மக்களைப் பற்றியது. மூன்றாம் பாகம் அத்காத் தீவினரையும், சித்காப் பகுதியின் திலிங்கித் மக்களையும் பற்றியது. இதன் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு 1984 ஆம் ஆண்டில் வெளிவந்த பின்னரே மேற்கத்திய ஆய்வாளர் பலருக்கு இந்நூல் எட்டியது.

இந்நூலின் முதற்சிறப்பு ஆசிரியரின் பொறுமை. பத்தாண்டுகள் அம்மக்களோடு தங்கி, தோற்படகில் தீவுக்குத் தீவு சென்று, அவர்களோடு சேர்ந்து ஆலயம் கட்டி, தச்சும் கொத்துவேலையும் கற்பித்தவர் அவர். வழிப்போக்கராக வந்து சில வாரங்களில் தீர்ப்புச் சொன்ன கடற்பயணிகளின் குறிப்புகளோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு தெளிவாகும். முதியோர் இளைஞருக்குச் சொல்லிவந்த அறிவுரைகளை அவர் தேடிக் கேட்டு எழுதியிருக்கிறார். முதியவரைப் பேணுதல், உணவைப் பகிர்தல், வீண்பேச்சைத் தவிர்த்தல் ஆகியவை நற்செய்தி வருமுன்னரே அத்தீவுகளில் போதிக்கப்பட்டன என்பதை அவர் மறைக்கவில்லை. பஞ்ச காலத்தில் தனக்குக் கிடைத்த சிறிதையும் பங்கிட்டுக்கொள்ளும் அம்மக்களின் பண்பைத் தம் நாட்டாருக்கு எடுத்துக்காட்டாகவே வைக்கிறார்.

இரண்டாவது சிறப்பு, தம் இனத்தார் செய்த கொடுமையைப் பெயர் சுட்டி எழுதிய நேர்மை. சொலோவியோவ் பன்னிரண்டு பேரை ஒருவர்பின் ஒருவராக நிறுத்திக் கட்டி, ஒரு குண்டு எத்தனை உடலைத் துளைக்கும் என்று சோதித்தான் என்றும், அது ஒன்பதாமவரிடம் நின்றது என்றும் வழங்கிவந்த செய்தியை அவர் விட்டுவிடவில்லை. கம்பெனியின் செலவிலேயே அச்சான ஒரு நூலில் இச்செய்தி இடம்பெற்றது என்பதை நாம் மதிக்கவேண்டும்.

ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கொடுமை முழுவதும் அவருடைய எழுத்தில் கடந்த காலத்தைச் சேர்ந்ததாகிவிடுகிறது. பழைய வணிகர் கொடியவர்; கம்பெனி வந்தபின் ஒழுங்கு வந்தது; இது அவருடைய வரலாற்றின் அமைப்பு. தம் கண்முன்னே ஆண்டுதோறும் பாதி ஆண்கள் வேட்டைக்கு இழுக்கப்படுவதையும், அவர்கள் இல்லாத வீடுகளில் பனிக்காலத்திற்கு உணவு சேர்ப்பார் இல்லாமற்போவதையும் குறித்து எழுதும்போது அவருடைய குரல் தணிகிறது. அம்மக்களின் பொறுமையை அவர் வியந்து போற்றுகிறார். பொறுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி அவர்களுக்கு விடப்பட்டதா என்று அவர் கேட்கவில்லை. பொறுமை ஓர் இனத்தின் இயல்பா, அல்லது அடக்குமுறை கற்பித்த பாடமா? 1763 ஆம் ஆண்டில் கப்பல்களை எரித்தவர்களின் பேரப்பிள்ளைகளே இந்தப் பொறுமைசாலிகள். இதை நினைவிற்கொண்டால் முதல் விடை மட்டும் போதாது என்பது விளங்கும்.

3. எழுத்தும் அதன் உடன்வேலையாட்களும்

வெனியாமினோவைப் பற்றிப் பேசுவோர் அவர் அலெயூத் மொழிக்கு எழுத்து வகுத்தார் என்று சொல்லி முடிப்பது வழக்கம். இக்கூற்று பாதி உண்மை. ரஷ்ய எழுத்துக்களைத் தழுவி வரிவடிவம் அமைத்ததிலும், வினாவிடைப் போதனையையும் மத்தேயு எழுதின சுவிசேஷத்தையும் மொழிபெயர்த்ததிலும் திகால்தாத் தீவின் தலைவரான இவான் பான்கோவ் சரிபாதி வேலை செய்தவர். ரஷ்ய மொழி அறிந்த இந்த அலெயூத் தலைவர் இல்லையெனில் அம்மொழிபெயர்ப்பு இல்லை. மேற்கே அத்காவில், அலெயூத் தாய்க்கும் ரஷ்யத் தந்தைக்கும் பிறந்து 1828 இல் குருப்பட்டம் பெற்ற யாக்கோவ் நெத்ஸ்வேத்தோவ், அதே மொழிபெயர்ப்பைத் தம் மக்களின் வட்டார வழக்குக்கு இசைவிக்கும் குறிப்புகளைச் சேர்த்தார். அவர்களுக்குப்பின் சலமத்தோவ், ஷயாஷ்னிகோவ் முதலிய அலெயூத் வழிவந்த குருமார் இப்பணியைத் தொடர்ந்தனர்.

திருமறை மொழிபெயர்ப்பாளர் எவரும் முதலில் மோதிக்கொள்ளும் கேள்வி கடவுளை எப்பெயரால் அழைப்பது என்பது. அலெயூத் மொழியில் அகுகுஹ் என்னும் சொல் இருந்தது. உண்டாக்குதல் என்னும் வினையடியிற் பிறந்து படைத்தவரைக் குறிக்கும் சொல் அது. அம்மக்கள் படைத்தவர் ஒருவரை அறிந்திருந்தனர் என்றும், ஆனால் அவருக்கு வழிபாடு செலுத்தவில்லை என்றும் வெனியாமினோவ் எழுதுகிறார். ரஷ்யச் சொல்லைக் கடன்வாங்கி நுழைப்பது எளிதாக இருந்திருக்கும். அவ்வாறு செய்யாமல் அம்மொழியின் சொல்லையே ஜெபத்திலும் சுவிசேஷத்திலும் வைத்தது தீர்க்கமான முடிவு. அத்தேனே பட்டணத்தில் பவுல் மேற்கொண்ட முறையை (அப். 17:22-31) அது நினைவூட்டுகிறது. கேட்பவர் முன்பே அறியாமல் அறிந்திருந்தவரைப் பற்றியே பேசுகிறோம் என்னும் உறுதி அதில் அடங்கியுள்ளது.

இதே மனப்பான்மை 1828 ஆம் ஆண்டு அக்குன் தீவில் நடந்த ஒரு நிகழ்ச்சியிலும் வெளிப்படுகிறது. வெனியாமினோவ் அங்கே சென்றபோது மக்கள் முன்னதாகவே கரையில் கூடிக் காத்திருந்தனர். அவர் அன்று வருவார் என்று ஸ்மிரென்னிகோவ் என்னும் முதியவர் சொல்லியிருந்தாராம். ஊரார் அம்முதியவரை மந்திரவாதி என்றனர். அவரோ, முன்னர் மக்காரி என்னும் துறவியிடம் ஞானஸ்நானம் பெற்றவர்; அதற்குப்பின் வெண்ணுடை தரித்த இருவர் தமக்குத் தோன்றிப் போதித்து வருவதாகக் கூறினார். கூறிய போதனை திருமறைக்கு முரண்படவில்லை. வேறொரு மிஷனெரி இதைப் பேயின் செயல் என்று கடிந்து முடித்திருப்பார். வெனியாமினோவ் பொறுமையோடு விசாரித்தார். முதியவரை மந்திரவாதி என்று அழைக்கவேண்டாம் என ஊராருக்குச் சொன்னார். அந்த இருவரையும் காட்டுகிறேன் என்றபோது தமக்கு அது தேவையில்லை என்று பணிவுடன் விலகினார். நடந்ததை அப்படியே தம் பேராயருக்கு எழுதி ஆலோசனை கேட்டார். தரிசனங்களைப் பற்றி நமக்கு எக்கருத்து இருப்பினும், ஆவிகளைச் சோதித்தறிய வேண்டும் என்னும் அப்போஸ்தல ஆலோசனையை (1 யோவான் 4:1) அவசரமின்றி நடைமுறைப்படுத்திய போதகர் ஒருவரை இங்கே காண்கிறோம். தமக்கு முன்னரே கடவுள் அத்தீவில் செயல்பட்டிருக்கக்கூடும் என்று ஒப்புக்கொள்ளும் மனம் அவருக்கு இருந்தது.

4. "வழி": சிலுவைப் போதனையின் பலமும் குறையும்

சிறு நூல் நான்கு பகுதிகளாக அமைந்தது. கிறிஸ்து நமக்கு அருளிய நன்மைகள், அவர் வாழ்ந்ததும் பாடுபட்டதும், பரலோக ராஜ்யத்திற்குச் செல்லும் வழி, அவ்வழியில் அவர் நமக்கு உதவும் விதம் என்பன அவை. மூன்றாம் பகுதியே நூலின் இருதயம். தன்னை வெறுத்துச் சிலுவையை எடுத்துப் பின்பற்றுமாறு ஆண்டவர் அழைக்கும் வசனமே (மாற்கு 8:34) அதன் ஆதாரம். சிலுவைகள் புறத்தில் வருவன, அகத்தில் வருவன என இருவகைப்படும் என்று ஆசிரியர் விளக்குகிறார். வறுமை, நோய், இழப்பு, பிறரால் வரும் தீங்கு ஆகியவை புறச்சிலுவைகள். தன் பாவத்தையும் பெலவீனத்தையும் கடவுளின் ஒளியில் காணும்போது ஆத்துமா படும் வேதனை அகச்சிலுவை. முறுமுறுக்காமல் முந்தியதைச் சுமப்பவன் பிந்தியதற்குத் தகுதிப்படுகிறான்.

போதகர் என்ற முறையில் இப்பகுதியை நாம் பெரிதும் மதிக்கிறோம். சடங்கை நிறைவேற்றினால் போதும் என்னும் எண்ணத்திற்கு இதில் இடமில்லை. அகச்சிலுவையைப் பற்றிய விளக்கத்தில் மனிதன் தன் நற்செயலை நம்பி நிற்க இயலாமற்போகிறான். சீர்திருத்தத் திருச்சபைகளைச் சேர்ந்த நாமும் ஆமென் சொல்லக்கூடிய பக்கங்கள் அவை. பரிசுத்த ஆவியைப் பெற்றுக்கொள்ளும் வழிகளுள் ஒன்றாகத் திருமறை வாசிப்பை அவர் வற்புறுத்துவதும் கவனிக்கத்தக்கது. அப்போதுதான் எழுத்தறியத் தொடங்கியிருந்த ஒரு மக்களுக்கு, நீங்களே வாசியுங்கள் என்று சொல்லும் துணிவு அதில் உண்டு.

ஆனால் இந்நூலை யார் கையில் வைத்துப் படித்தார்கள் என்று கேட்டவுடன் சிக்கல் தோன்றுகிறது. மாஸ்கோவின் செல்வர் ஒருவருக்கு, பிறரால் வரும் தீங்கைப் பொறு என்னும் போதனை அவருடைய கோபத்தை அடக்கும் மருந்தாகலாம். கம்பெனியின் படகில் ஏற்றப்படும் அலெயூத் தந்தைக்கு அதே போதனை வேறொன்றாக ஒலிக்கும். தீங்கு செய்பவர் யார் என்பதை நூல் சொல்வதில்லை. நோயும் புயலும் அநீதியும் ஒரே பட்டியலில் நிற்கின்றன. நோயை எழுதிவைத்த மனிதக்கை இல்லை. வேட்டைக் கட்டளையை எழுதிவைத்த கை உண்டு. அக்கைக்குப் பெயரும் அலுவலகமும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாத சிலுவைப் போதனை, அதை எழுதியவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அலுவலகத்திற்கு ஊழியம் செய்துவிடுகிறது.

ஆண்டவரின் சிலுவை ஒருவர் தாமாக மனமுவந்து எடுத்த சிலுவை (யோவான் 10:18). எடுத்துக்கொள் என்பதும் அவ்வாறே சுயாதீனனை நோக்கிய அழைப்பு. சிரேனே ஊரானாகிய சீமோன்மீது போர்ச்சேவகர் சுமத்திய மரம் (மாற்கு 15:21) வேறு. அவன் அதைச் சுமந்த விதத்தில் கடவுள் கிருபை விளங்கியிருக்கலாம். அதனால் சுமத்திய சேவகனின் செயல் நியாயமாகிவிடாது. பாடுபடுகிறவனுக்கு ஆறுதல் சொல்லுதல், பாடுபடுத்துகிறவனைக் கடிந்துகொள்ளுதல் ஆகிய இரண்டும் ஒரே சுவிசேஷத்தின் இரு சொற்கள். "வழி" முதற்சொல்லை அழகாகவும் உருக்கமாகவும் சொல்கிறது. இரண்டாம் சொல் அதில் இல்லை.

இக்காலத்து அளவுகோலை அக்காலத்தவர்மேல் வைப்பது முறையா என்று சிலர் கேட்கலாம். அதற்கு விடை அதே தீவுகளிலேயே இருக்கிறது. மேலே கூறிய மக்காரி, வெனியாமினோவுக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் உனலாஸ்காவில் ஊழியம் செய்த துறவி. வணிகர் செய்த கொடுமையைக் கண்டு சகியாமல், அலெயூத் மக்கள் சிலரை உடன் அழைத்துக்கொண்டு ரஷ்யாவுக்குச் சென்று முறையிட்டார். தன் ஊழிய எல்லையை மீறினார் என்ற கண்டனமே அவருக்குக் கிடைத்தது. 1799 ஆம் ஆண்டில் திரும்பி வருகையில் கப்பல் மூழ்கி மாண்டார். அவர் நூல் எதையும் விட்டுச்செல்லவில்லை. ஆகவே, இரண்டாம் சொல் அக்காலத்தில் எவருக்கும் தோன்றாத ஒன்றல்ல. விலைகொடுத்துச் சொல்லவேண்டியதாய் இருந்தது, அவ்வளவே. மக்காரியைப்போல் போயிருந்தால் வெனியாமினோவ் பத்தாண்டு தங்கியிருக்க முடியாது, எழுத்தும் சுவிசேஷமும் வந்திரா என்று அவருக்காக வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் ஊழியத்தைக் காத்துக்கொள்வதற்காக மௌனமாயிருக்கிறோம் என்று சொல்லும் ஒவ்வொரு தலைமுறையும், காக்கப்படுவது ஊழியமா ஊழியரா என்று தன்னையே கேட்டுக்கொள்ளுதல் நலம்.

5. நூலை வாங்கியவர்கள் அதை என்ன செய்தார்கள்

ஒரு நூலின் மதிப்பை அதன் ஆசிரியர் மட்டும் முடிவு செய்வதில்லை. 1867 ஆம் ஆண்டில் ரஷ்யா அலாஸ்காவை எழுபத்திரண்டு இலட்சம் டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்றது. ஆட்சி போயிற்று, கம்பெனி போயிற்று, அலெயூத் மொழிச் சுவிசேஷமும் ஜெபப்புத்தகமும் இருந்தன. குருவானவர் இல்லாத சிற்றூர்களில் வாசிப்போரும் ஆலயப் பொறுப்பாளருமான பொதுநிலையினர் ஆராதனையை நடத்தினர். தந்தை பிள்ளைக்கு எழுத்தைக் கற்பித்தார். அயலார் ஆட்சியோடு வந்த சமயம், அடுத்த அயலார் ஆட்சியின் கீழ் அம்மக்களின் சொந்த அடைக்கலமாயிற்று.

இவ்விடத்தில் நம்முடைய திருச்சபைக் குடும்பத்தின் பங்கையும் மறைக்காமல் பேசவேண்டும். 1885 ஆம் ஆண்டில் அலாஸ்காவின் கல்விப் பொறுப்பாளராக அமெரிக்க அரசு நியமித்த ஷெல்டன் ஜாக்சன் பிரெஸ்பிட்டேரியன் சபையின் போதகர். உனலாஸ்காவில் ஜெசி லீ இல்லம் என்னும் அநாதை விடுதியை நடத்தியவர் மெத்தடிஸ்டு சபையின் பெண்கள். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு அவர்கள் உணவும் உடையும் மருத்துவமும் அளித்தது மெய். ஆங்கிலமே நாகரிகத்தின் வாசல் என்றும், அலெயூத் மொழியும் ரஷ்ய எழுத்தும் ஒழியவேண்டியவை என்றும் அக்காலப் பள்ளிகள் கொண்ட கொள்கையும் மெய். பின்வந்த அரசுப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். அவரவர் தம் சொந்த மொழியில் திருமறையை வாசிக்கவேண்டும் என்பது சீர்திருத்தத் திருச்சபைகள் உலகுக்கு உரத்துக் கூறிய கோட்பாடு. அத்தீவுகளில் அதைக் கடைப்பிடித்தது நாம் சடங்காசாரத்தினர் என்று எளிதாக ஒதுக்கிவிடும் ஒரு சபை. அதற்கு மாறாக நடந்தவர்கள் நம்மவர். வைதீகத் திருச்சபையைப் பற்றி நாம் வகுப்பறையில் பேசும் தொனியை மாற்றிக்கொள்ள இச்செய்தி ஒன்றே போதும்.

1942 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜப்பானியர் உனலாஸ்காத் துறைமுகத்தில் குண்டு வீசி, அத்தூ, கீஸ்கா என்னும் இரு தீவுகளைக் கைப்பற்றினர். அத்தூவின் அலெயூத் மக்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஜப்பானின் ஒத்தாரு நகருக்குக் கொண்டுபோகப்பட்டு, ஏறத்தாழப் பாதிப்பேர் அங்கேயே மாண்டனர். மற்றத் தீவினர் 881 பேரை அமெரிக்க அரசு தென்கிழக்கு அலாஸ்காவின் கைவிடப்பட்ட மீன் பதனிடும் ஆலைகளிலும் பழைய முகாம்களிலும் கொண்டுபோய் வைத்தது. பகைவர் பயன்படுத்தாதபடி அத்கா ஊர் ஆலயத்தோடு சேர்த்து அமெரிக்கக் கடற்படையாலேயே எரிக்கப்பட்டது. முகாம்களில் நோயாலும் குளிராலும் பத்தில் ஒருவர் வீதம் இறந்தனர். 1943 ஆம் ஆண்டில் பிரிபிலோப் ஆண்கள் மட்டும் கடல்நாய் வேட்டைக்காகத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆட்சி மாறி முக்கால் நூற்றாண்டு ஆனபின்னரும் அரசு அம்மக்களிடம் கேட்டது அதே தோலைத்தான். போர் முடிந்து திரும்பியவர்கள் சூறையாடப்பட்ட வீடுகளையும் ஆலயங்களையும் கண்டனர். சில ஊர்கள் மீண்டும் குடியேறவே இல்லை. அத்தூவினர் தங்கள் தீவுக்குத் திரும்ப அனுமதிக்கப்படவில்லை.

இங்கேதான் அலெயூத் மக்கள், "வழி" சொல்லாமல் விட்ட இரண்டாம் சொல்லைத் தாங்களே சொன்னார்கள் எனலாம். நடந்ததைச் சாட்சியாக எழுத வைத்தனர்; விசாரணை கேட்டனர்; பல ஆண்டு முயற்சிக்குப்பின் 1988 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேரவை சட்டமியற்றி மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 12,000 டாலரும், சேதமடைந்த ஆலயங்களுக்கெனத் தனி நிதியும் ஒதுக்கப்பட்டன. இதைக் கேட்டவர்கள் விசுவாசத்தை விட்டுவிலகிய புரட்சியாளர் அல்லர். ஆலய மணியையும் திருவுருவப் படங்களையும் பொக்கிஷமாகப் போற்றிய அதே மக்கள். சிலுவையைச் சுமப்பதும் நியாயம் கேட்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இவ்வரலாற்றைக் காட்டிலும் வேறு விளக்கவுரை வேண்டியதில்லை.

6. மதிப்பீடு

"குறிப்புகள்" நூலை அருட்பணி மாணவர் ஒவ்வொருவரும் படிக்கவேண்டும். பேசுமுன் கேட்பதற்கும், தீர்ப்பிடுமுன் தங்கியிருப்பதற்கும் அது சிறந்த முன்மாதிரி. அலெயூத் மக்களின் பழைய வாழ்வைப் பற்றி இன்று அவர்களுடைய சந்ததியாரே அறிய விரும்பினாலும் இந்நூலைத் திறக்கின்றனர். இருபதாம் நூற்றாண்டில் நார்வே நாட்டு மொழியறிஞர் க்னுட் பெர்க்ஸ்லாண்ட் 1994 இல் வெளியிட்ட அலெயூத் அகராதிக்கும் பழைய மொழிபெயர்ப்புகள் பெருந்துணையாயின. இன்று அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் மிகச் சிலரே, பெரும்பாலோர் முதியவர். அத்தூவின் வட்டார வழக்கு முற்றிலும் மறைந்துவிட்டது. மீட்கப் பாடுபடும் இளந்தலைமுறையின் கையில் பான்கோவும் வெனியாமினோவும் அமைத்துத் தந்த எழுத்துச் செல்வம் இருக்கிறது. ஓர் அருட்பணியாளர் ஒரு மக்களுக்கு விட்டுச்செல்லக்கூடியவற்றில் இதனினும் பெரியது அரிது.

"வழி" என்னும் நூலைப் பொறுத்தவரை நாம் கூறுவது இது: அதைப் போற்றிப் படிப்போம், தனியாகப் படிக்கவேண்டாம். ஆமோசையும் யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தையும் அருகில் வைத்துப் படிப்போம். கூலி பிடிக்கப்பட்ட வேலைக்காரரின் கூக்குரல் கர்த்தருடைய செவியில் எட்டுகிறது என்று யாக்கோபு ஐசுவரியவான்களிடம் சொன்ன பின்னரே, நீடிய பொறுமையாயிருங்கள் என்று சகோதரரிடம் சொல்கிறார் (யாக். 5:1-8). அந்த வரிசையை நம் பிரசங்கங்களில் நாம் அடிக்கடி தவறவிடுகிறோம். ஆறுதலைப் பாடுபடுவோருக்குச் சொல்கிறோம்; கடிந்துகொள்ளுதலையும் அவர்களுக்கே சொல்கிறோம்; முதல் ஆறு வசனங்களுக்கு உரியவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கும்போது ஏழாம் வசனத்திலிருந்து தொடங்கிவிடுகிறோம்.

வெனியாமினோவ் 1879 ஆம் ஆண்டில் மாஸ்கோவில் காலமானார். 1977 ஆம் ஆண்டில் ரஷ்யத் திருச்சபை அவரைப் பரிசுத்தவான்களின் வரிசையில் சேர்த்தது. நெத்ஸ்வேத்தோவும் 1994 இல் அவ்வாறே கனம்பெற்றார். பான்கோவின் பெயரும், கடலில் மாண்ட மக்காரியின் பெயரும் அவ்வளவாக அறியப்படவில்லை. மொழியைத் தந்த மனிதனும், முறையீட்டைச் சுமந்து சென்ற துறவியும், சுவிசேஷத்தை எழுதிவைத்த குருவும் சேர்ந்தே அத்தீவுகளின் அருட்பணி. அவர்களில் ஒருவரை மட்டும் நாம் மாணவருக்குக் கற்பித்தால், கற்பித்தது அருட்பணி வரலாற்றின் ஒரு பகுதி மட்டுமே.